கப்பல் காய்ச்சல்

உடம்புக்கு முடியாத பிள்ளைகளைப் படுக்க வைக்கும் சிக்ரூம் எங்கே இருந்தது என்று இப்போது யாராவது கேட்டால் நான் மண்ணைக் காட்ட முடியாது, வானத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கள் போர்டிங் ஸ்கூல் நின்ற மேட்டையே ஜேசிபி வைத்து வெட்டி, ரோட்டு மட்டத்துக்கு இறக்கி, அதில் கடை கட்டியிருக்கிறார்கள். மொபைல் கவர் கடை, டூரிஸ்டுகளுக்குச் சிப்பிச் சாவிக்கொத்து விற்கும் கடை, முந்திரி பாதாம் கடை, மேலே ஒரு பியூட்டி பார்லர். போர்ட் பிளேரில் தட்டையான இடம் தானாகக் கிடைப்பதில்லை, யாராவது வெட்டித்தான் உண்டாக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வழியாக ஆட்டோவில் போகும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

பள்ளிக்கூடத்தின் மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய மாணவிகளுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. மெயின்லேண்டில் செட்டிலானவர்கள் அதில் தினமும் காலையில் ரோஜாப்பூ போடுவார்கள். கடை கட்டிய போட்டோவை ஒருத்தி போட்டதும் ஆளாளுக்கு அழுகிற முகம் அனுப்பினார்கள். "நம்ம கோல்டன் டேஸ் போச்சே" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். சரளைக் கல்லில் முழங்கால் போட்டதும், ஒரு வாளித் தண்ணீரில் மூன்று பேர் குளித்ததும் என்றைக்கடி கோல்டன் ஆச்சு என்று டைப் பண்ணி, அனுப்பாமல் அழித்தேன். அந்த மேட்டை நினைத்தால் எனக்கு ஒரே ஒரு பிள்ளையின் முகம்தான் வரும்.

அம்மா செத்த வருஷம் அப்பா என்னை அங்கே சேர்த்தார். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஹேடோ வார்ஃபில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். ஒற்றை அறை குவார்ட்டர்ஸ், அதில் அவரும் அவருடைய தம்பிமாரும். "பொட்டப்பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன் மதர், ஷிப்பு வந்துட்டா வீட்டுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போர்டிங்கில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். ஹட்பேக்காரி, கார்நிக்கோபார்க்காரி, கச்சால்காரி. நான் ஹேடோக்காரி. மற்றவர்களின் வீடு கடலுக்கு அப்பால் இருந்தது, என் வீடு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. யாராலும் போக முடியவில்லை.

தீவுக் கப்பல் ஜெட்டிக்கு வந்தால் சங்கு ஊதும். மேட்டில் எல்லா ஜன்னலுக்கும் கேட்கும். கேட்ட கையோடு நாலைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். எப்போதோ ஒரு பிள்ளையை, உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்தவர்களோடு சேர்த்துக் கப்பலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், அதிலிருந்து தொடங்கிய வழக்கம். அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு படுப்பார்கள். வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு தெர்மாமீட்டருக்குக் காத்திருப்பார்கள். சிஸ்டர்மார் என்ன, காதில் பூ வைத்திருப்பவர்களா? இதற்கு 'கப்பல் காய்ச்சல்' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

வைத்தியமும் அவர்களிடமே இருந்தது. பிள்ளையைச் சிக்ரூமில் தனியாகப் படுக்க வைத்து, உப்பில்லாத கஞ்சி கொடுத்து, யாரையும் பேச விடாமல், கப்பல் கிளம்புகிறவரை விட்டுவிடுவது. கிளம்பும்போது இன்னொரு சங்கு ஊதும். அது ஊதியதும் காய்ச்சல்காரிகள் எல்லாரும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டடிக்கு வந்து உட்காருவார்கள். இந்த வைத்தியம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால்தான் சிஸ்டர்மார் அதை அவ்வளவு நம்பினார்கள்.

கச்சால்காரி ஆறாம் கிளாஸ், நான் ஒன்பதாம் கிளாஸ். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேதக்காரர்கள் இல்லை, இந்துக்கள். பிள்ளையாவது படிக்கட்டும் என்று சிஸ்டர்மாரிடம் விட்டிருந்தார்கள். அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தால் ரப்பர் ஷீட் புகை வாடை அடிக்கும். நாங்கள் மூக்கைப் பொத்துவோம். அவள் பெட்டிக்குள் முகத்தை விட்டு நன்றாக இழுத்துக்கொள்வாள். கப்பல் வந்தால் வராந்தாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜெட்டியையே பார்ப்பாள், கப்பல் போனதும் உள்ளே வந்துவிடுவாள். ஒரு நாளும் அவள் காய்ச்சல் நடித்ததில்லை. "பொய் சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்க்கா" என்பாள். கடல் தாண்டி எப்படியடி தெரியும் என்று கேட்டால் சிரிப்பாள்.

ஒரு தடவை சங்கு ஊதிய அன்றைக்கு, காலை ஜெபத்தில் அவள் பல் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, கச்சாலுக்கும் வந்துட்டு" என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, ஹாலே சிரித்தது. வார்டன் சிஸ்டர் வந்து அவளுடைய இரண்டு கைகளையும் தூக்கி அக்குளைத் தடவிப் பார்த்தார். வெங்காயம் இல்லை. நெற்றியைத் தொட்டார்.

"நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க. கப்பல் கெளம்பட்டும், பாப்போம்" என்று சொல்லிச் சிக்ரூமுக்கு அனுப்பினார்.

கப்பல் கிளம்பவில்லை. கடல் சரியில்லை. சாயங்கால ரேடியோவில் கப்பல் செய்தி வரும், அதில் மறு அறிவிப்பு வரை புறப்படாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடாமல் மழை. மேட்டிலிருந்து பார்த்தால் கப்பல் ஜெட்டியில் கட்டிப்போட்டபடி ஆடிக்கொண்டிருப்பது தெரியும். கப்பல் நிற்கிறவரை அது கப்பல் காய்ச்சல்தான், கப்பல் காய்ச்சலுக்கு டாக்டர் எதற்கு? அப்படித்தான் மேட்டிலிருந்த எல்லாரும் நினைத்தார்கள்.

சிக்ரூமுக்குக் கஞ்சி கொண்டு போகும் வேலை அந்த வாரம் எனக்கு. போர்டிங் முழுக்க நீலச் சுண்ணாம்பு, சிக்ரூம் மட்டும் பச்சை. இரும்புக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சத்தம் கேட்டதும் திரும்பி, "கப்பல் போயிருச்சாக்கா?" என்பாள்.

"இல்லடி. இன்னும் நிக்கி."

அடுத்த வேளையும் அதே கேள்வி. கஞ்சியைத் தொடவே இல்லை. இவளும் வீட்டுக்குப் போகத்தான் துடிக்கிறாள், கப்பல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்து, "கவலப்படாத, நீ போறதுக்குள்ள அது எங்கயும் போவாது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லக்கா. கப்பல் போவணும். அது போனாத்தான் சிஸ்டர் நம்புவாங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக வார்டன் சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், அவளுக்கு நெசமாவே முடியல" என்றேன். "நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?" என்று கேட்டு என்னை ஸ்டடிக்கு விரட்டினார். அவர் ஒன்றும் ராட்சசி இல்லை. வருஷக்கணக்காகப் பொய்க் காய்ச்சலையே பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனுஷி. இதை இப்போது சொல்ல வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஒரு விடியற்காலை, எழுப்பும் மணி அடிப்பதற்கு முன்பே சிஸ்டர்மார் வராந்தாவில் ஓடுகிற சத்தம் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப் சொல்லி அனுப்பினார்கள். ஜீப் மேடேறி வருவதற்குள் முடிந்துவிட்டது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அவ்வளவுக்கும் கப்பல் அங்கேதான் நின்றது. கச்சாலுக்குப் போலீஸ் வயர்லெஸ்ஸில் தகவல் போயிற்று. அவள் அம்மா வர வேண்டுமானால் இதே கப்பல் போய்த்தான் கூட்டி வர வேண்டும், அதுவரை உடம்பை வைத்திருக்க வழியில்லை. அடக்கம் பண்ணினார்கள். எங்களை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ மழை விட்டது. நாங்கள் ஸ்டடியில் இருக்கும்போது கப்பல் சங்கு ஊதிக்கொண்டு கிளம்பியது. யாரும் தலையைத் தூக்கவில்லை.

கப்பல் திரும்பி வந்தபோது அதில் அவள் அம்மா வந்தார். சின்ன வயசு, முப்பது இருந்தால் அதிகம். ரப்பர் கறை படிந்த விரல்கள். தோளில் துணிப்பை. வராந்தாவில் அவரை உட்கார வைத்து மதரும் வார்டன் சிஸ்டரும் பேசினார்கள். திடீரென்று வந்த காய்ச்சல், முடிந்ததெல்லாம் செய்தோம், கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அது தானாகவே திறந்துகொண்டது.

"திடீர்னு இல்லம்மா. கப்பல் போனா சரியாயிரும்னு படுக்க வச்சிருந்தாங்க. அவ பொய் சொல்லல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அழவில்லை. "எம்புள்ள பொய் சொல்லாது" என்று மட்டும் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு மண் அகலை எடுத்தார். உயிர் போன இடத்தில் விளக்கு வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து, பதினாறு முடியும்வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பிள்ளைக்குப் போகிற வழி தெரியாது, அங்கேயே நிற்கும். தான் ஒரு மூலையில் கிடந்துகொள்வதாகவும் யாருக்கும் தொந்தரவு தர மாட்டேன் என்றும் கெஞ்சினார். மதர் மறுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் பயப்படும், நம்முடைய விசுவாசத்தில் அது கிடையாது, வேண்டுமானால் மாதா சிலை இருக்கும் கெபியில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள் என்றார். அந்த அம்மா அகலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனார். எனக்குச் சாயங்காலம் சரளைக் கல்லில் முழங்கால். வலித்தது, ஆனால் நான் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு போர்டிங்கில் யாருக்கும் கப்பல் காய்ச்சல் வரவில்லை. நிஜக் காய்ச்சல் வந்தவர்கள்கூடச் சொல்லாமல் மறைத்தார்கள். நான் பத்தாவது முடித்து வெளியே வந்தேன், கல்யாணம் ஆயிற்று, போர்ட் பிளேரிலேயே லம்பா லைனில் ஒரு பள்ளமான இடத்தில் வீடு கட்டினோம். இன்றைக்கும் வீட்டில் இருந்தே பிளவுஸ் தைக்கிறேன். தீவுகளிலேயே பள்ளிக்கூடங்கள் வந்துவிட்டதால் போர்டிங்குக்குப் பிள்ளை வருவது நின்றது. சிஸ்டர்மார் மெயின்லேண்டுக்குப் போனார்கள். கட்டிடம் ஒழுகிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் ஜேசிபி வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, மண் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். மேடு வெட்டுகிற இடத்திலிருந்து டிப்பர் லாரிகள் லம்பா லைன் பக்கம்தான் வந்து கொட்டின. எங்கள் வாசலிலும் கொட்டச் சொன்னோம். கொட்டியதை மண்வெட்டியால் இழுத்து விடும்போது பச்சைச் சுண்ணாம்பு ஒட்டிய காரைக்கட்டிகள் வந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த மேட்டில் பச்சை அடித்த அறை ஒன்றே ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை, பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் பரப்பி மிதித்துவிட்டேன்.

இந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், கருப்புக் கண்ணாடி போட்ட வயதான அம்மா ஒருவர் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கச்சாலிலிருந்து வந்து கண் ஆபரேஷன் முடித்திருக்கிறார். ஹேடோவில் வின்ச் ஓட்டினவர் மகள் என்று விசாரித்து விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஒன்னோட படிச்ச புள்ளையோட அம்மா" என்றார். "அன்னைக்கு எனக்கு நெசத்த சொன்னது நீ ஒருத்திதான். எம்புள்ள கெடந்த ரூம் எதுன்னு ஒனக்குத்தான் தெரியும். நான் போறதுக்குள்ள அங்கன ஒரு வெளக்கு வச்சிரணும் புள்ள."

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பிள்ளை இன்னும் அங்கேயே நிற்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சுனாமியில் பாதி கச்சால் போயும் தன்னை மேட்டில் இருந்த தோட்ட லயத்து வீடு காப்பாற்றியது இதற்காகத்தான் என்றார். ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன்.

முந்திரிக் கடைக்காரர் வெளியே வந்து, "க்யா சாஹியே, ஆன்டி?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நான் அண்ணாந்து பார்த்தேன். கடைகளுக்குப் பின்னால் மேட்டின் வெட்டுமுகம் செங்குத்தாக நின்றது. அதன் உச்சியில் பக்கத்து வீட்டு எல்லையில் எங்கள் பழைய தண்ணீர்த் தொட்டியின் பாதிச் சுவர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிக்ரூம் தரையும் அந்தத் தொட்டி அடியும் ஒரே மட்டம். அப்படியானால் கட்டில் கிடந்த இடம் பியூட்டி பார்லருக்கும் மேலே, மொட்டை மாடியில் வைத்திருந்த கருப்பு சின்டெக்ஸ் டேங்குக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் இருந்தது.

"எந்த எடம் புள்ள?"

அவருக்கு இன்னும் கண் சரியாகத் தெரியவில்லை. படிக்கட்டின் அடியில் ஒரு மூலையைக் காட்டி இதுதான் என்றால் நம்பியிருப்பார், விளக்கை வைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நிஜம் சொன்னவள் என்றுதானே என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"அம்மா, அந்த எடமே இல்ல. மேட்ட வெட்டிட்டாங்க. ரூம் இருந்தது அந்தா, மேல, ஒண்ணுமில்லாத எடத்துல."

அவர் முகத்தைத் தூக்கி மேலே பார்த்தார்.

"அப்ப எம்புள்ள அந்தரத்துலயா நிக்குது?" என்றார். பிறகு, "அங்கிருந்த மண்ண எங்க கொண்டு போனாங்க?"

வீட்டில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். அந்த வாசலில் சாவு விளக்கா? நான் வேதக்காரிதான், சகுனம் பார்க்கிறவள் இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறவள்தான். தன் வயிற்றுப் பிள்ளையின் வயிறு என்று வரும்போது எல்லாருக்கும் பயம் ஒன்றுதான். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் இன்னும் அந்த டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு முத்தத்துல கெடக்கும்மா" என்றேன். "டிப்பர்ல வந்துச்சி. பச்சைச் சுவரு காரையோட."

வீடு வந்து சேர்ந்ததும் பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் காலால் கிளறினேன். ஒரு பச்சைக் கட்டி வந்தது. அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார், அப்போதுதான் அழுதார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாத அழுகை. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் அந்த அம்மா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினார்.

"வேணாம் புள்ள. வகுத்துப் புள்ளக்காரி இருக்கா. இங்கன நான் வைக்க மாட்டேன். எம்புள்ளைக்காக இன்னொரு புள்ளைய நான் பயங்காட்ட மாட்டேன்."

போகட்டும் என்று என் மனசில் ஒரு பாதி நினைத்தது, அதை மறைத்து என்ன. மகளுக்கு இந்தக் கதை தெரியும், சின்ன வயசில் அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் காய்ச்சல் நடித்தபோது சொல்லியிருக்கிறேன். அவள் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சின்னப் பிள்ளதானம்மா, என்ன செஞ்சிரப் போவுது. வைக்கட்டும்" என்றாள்.

அந்த அம்மா பையை இறக்கித் துண்டைப் பிரித்தபோது அதே அகல் வந்தது. ஒரு தடவைகூடத் திரி கண்டதில்லை, உள்பக்கம் சிவப்பாகவே இருந்தது. மழைக்குத் தகரம் ஒன்றைச் சாய்த்து மறைப்புக் கட்டினோம். அவர் எண்ணெய் ஊற்றி ஏற்றினார். வாய்க்குள் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

மறுநாளே அவருக்குக் கப்பல். விட்டால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பதினாறு நாள் விளக்கை யார் பார்ப்பது? "நீ வேதக்காரி, ஒன்னைய கேக்கக் கூடாது" என்று இழுத்தார். "கேக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். ஜெட்டியில் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா கெடந்த புள்ள. அது கூட ஒரு வார்த்த பேசு" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வீட்டுக்கு வந்து அகலுக்கு எண்ணெய் விட்டேன். செம்பில் தண்ணீரை மாற்றினேன். பேசச் சொன்னாரே, செத்த பிள்ளையிடம் நான் என்னத்தைப் பேச? ஜெபம் சொல்லலாமா என்று பார்த்தேன், வரவில்லை. திட்டத்தான் தோன்றியது, யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. மழை விட்டிருந்தது. காற்று ஜெட்டிப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. லம்பா லைனுக்கு எப்போதாவதுதான் அது கேட்கும், அன்றைக்குக் கேட்டது. நீளமாக ஒரு சங்கு.

நான் விளக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"கப்பல் போயிருச்சுடி" என்றேன்.